மூன்று முறை ஊத வேண்டும்

எனக்கு ஆஸ்துமா என்று கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் ஊதச் சொன்ன இடத்தில் எல்லாம் ஊதினேன். ஒரு கருவி என் நுரையீரல் சுருங்கிப் போயிருக்கலாம் என்றது. அதே கருவி சில நாள் கழித்து எனக்கு ஒன்றுமே இல்லை என்றது. கடைசியில் உண்மையைச் சொன்னது ஒரு பிளாஸ்டிக் குழாய். இப்போது உடம்பு தேவலை. நாற்பத்தாறு வயதில் திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். பயமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்போல. யாருக்கோ நடப்பதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான் அந்த மாதங்கள் போயின.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஐப்பசியில் என்னைப் பதிவறைக்கு மாற்றினார்கள். துணியில் கட்டி அடுக்கிய பழைய கணக்குகள் இருக்கும் அறை. ஒரு கட்டை இழுத்தால் முகத்தில் மாவு கொட்டியது போலத் தூசு விழும். அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். பழைய காகிதம் என்றால் தூசு இருக்கத்தான் செய்யும். பொதுமக்கள் கூட்டம் இல்லை, சத்தம் இல்லை, எனக்கு அந்த அறை பிடித்தே இருந்தது.

கார்த்திகையில் இருமல் வந்தது. தீபத்தின்போது ஊரே கூட்டமும் புகையுமாக இருக்கும். அந்த மாதம் திருவண்ணாமலையில் இருமாதவர் யார் இருக்கிறார்கள்? நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன். தை வந்தும் இருமல் போகவில்லை. எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று, ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி தெருவைப் பார்த்துவிட்டு மீதியை ஏறப் பழகிக்கொண்டேன். தெருமுனை டாக்டர் மருந்து மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்தார். எக்ஸ்ரே நன்றாக இருந்தது. இசிஜி நன்றாக இருந்தது. சளியில் காசநோய் இல்லை. பிறகுதான் நுரையீரல் டாக்டரிடம் போகச் சொன்னார்.

என் கணவர் ஏழுமலை வேன் ஓட்டுகிறார். கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிலாக் கடலை மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றிவருவார். நல்ல மனிதர், பேச்சு கம்மி. எச்சில் விஷயத்தில் மட்டும் மிகவும் கறார். வேனில் அவருக்குத் தனித் தண்ணீர் கேன் உண்டு. கிளீனர் வாய் வைத்துவிடுவானோ என்று சீட்டுக்குப் பின்னால் மறைத்து வைப்பார். எங்கள் வீட்டில் யாருடைய உதடும் டம்ளரில் பட்டதில்லை. என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். எங்கள் மகள் தீபா கல்லூரியில் காப்பிக் கோப்பையில் வாய் வைத்துக் குடிக்கிறாள் என்று தெரிந்த அன்று அவர் ஒரு வேளை சாப்பிடவில்லை. இந்தப் பழக்கத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நுரையீரல் டாக்டரின் மருத்துவமனையில் காத்திருக்கும் இடத்துக்கும் ஊதுகிற அறைக்கும் நடுவில் ஒரு திரைதான். முதல் சோதனையின் பெயர் ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் போட்டுவிடுவார்கள். அட்டைக் குழாய் ஒன்றை வாயில் வைத்து, முடிந்தமட்டும் மூச்சை இழுத்து, ஒரே வேகமாக ஊதி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத வரைக்கும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது மூன்று முறை. கருவி முக்கியமாக இரண்டு கணக்கு பார்க்கும். மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பது ஒன்று. அதில் முதல் ஒரு விநாடியிலேயே எவ்வளவு வந்தது என்பது இன்னொன்று. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் இறுகிப்போவதால் முதல் விநாடிக் காற்று குறையும். குடத்தில் தண்ணீர் இருக்கும், வாய் குறுகலாக இருப்பதால் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

குழாய் புதியது. உறையைப் பிரித்து என் கண் முன்னால்தான் எடுத்தாள் அந்த டெக்னீஷியன் பெண். இருந்தாலும் உதடு ஒத்துழைக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்க வாயைக் குவித்து எச்சில் தெறிக்க ஊதுவதா என்று இருந்தது. நல்லா கவ்விப் பிடிங்கம்மா என்று அவள் ஏழெட்டு முறை சொல்லியிருப்பாள். கவ்வியதாகத்தான் நினைத்தேன். நாற்பத்தாறு வருடமாக எதையும் கவ்விக் குடிக்காத வாய், பட்டும் படாமலும் வைத்துக்கொண்டது. பாதிக் காற்று உதட்டோரமாகப் போனது.

மொத்தக் காற்றும் குறைவு, முதல் விநாடிக் காற்றும் குறைவு, இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவு என்று அறிக்கை வந்தது. அன்று பெரிய டாக்டரம்மா ஊரில் இல்லை. இருந்த இளைய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இது குழாய் இறுகியது போல இல்லை, குடமே சின்னதாகிவிட்டது போல இருக்கிறது, நுரையீரல் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம், சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். தாளின் அடியில், ஊதியது சரியில்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. தினமும் தாள் படித்துச் சம்பளம் வாங்குகிற நானும் படிக்கவில்லை.

ஸ்கேனுக்கும் முடிவுக்கும் நடுவில் நான்கு நாள். பதினைந்து நாள் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். நுரையீரல் சுருங்கினால் என்ன ஆகும் என்று தீபா போனில் படித்திருக்கிறாள். அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். அவர் அந்த நான்கு நாளும் வேனை எடுக்கவில்லை. நான் படி ஏறுவேனே என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்து படியின் பாதியில் போட்டிருந்தார். நான் அங்கே நின்று தெருவைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஸ்டூலைப் பார்த்தபோது நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஏறினேன்.

சிடி சுத்தமாக இருந்தது. நுரையீரல் சுருங்கவும் இல்லை, தழும்பும் இல்லை. அவர் மருத்துவமனை வாசலிலேயே மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டரம்மா திரும்பி வந்ததும் பழைய தாளை எடுத்து, அடியில் இருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல தண்ணி எப்படிம்மா குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"அண்ணாந்துதாங்க."

"அதான். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் ஊதறாங்க. குழந்தை பால் குடிக்கிற மாதிரி உதட்டைச் சுத்தி இறுக்கணும். வெட்கப்பட்டா மிஷின் பொய் சொல்லும்."

அவரே பக்கத்தில் நின்று ஊத வைத்தார். கதவையும் சாத்தச் சொன்னார். இந்தத் தடவை கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை இழுக்கச் சொல்லி, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார். ஆஸ்துமா என்றால் மருந்துக்குப் பிறகு எண் நன்றாக ஏற வேண்டும். எனக்கு ஏறவில்லை. ஏற இடமில்லை, முதலிலேயே முழுதாக இருந்தது. எல்லாம் நார்மல்.

ஒன்றும் இல்லை என்ற சொல்லைக் கேட்டு எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்குத்தான் அதற்குப் பிறகு கஷ்டம். சுருங்கிய நுரையீரலாக இருந்தால் ஸ்டூல் போடுவார்கள். ஒன்றும் இல்லாதவள் மூச்சு வாங்கினால் என்ன செய்வார்கள்? அலுவலகத்தில் மேலதிகாரி என் விடுப்பு முடிந்த தாளில் கையெழுத்துப் போடும்போது, மனசைத் தெம்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பதிவறை பிடிக்காமல் நாடகம் போடுகிறேன் என்று பேச்சு இருந்தது. மறுநாளே மாலையில் படியில் நின்றேன். ஸ்டூலை யாரோ உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மா மட்டும் முடித்துவிடவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஸ்பைரோமெட்ரி என்பது ஒரு போட்டோ. எடுத்த நேரத்தில் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் விழும். ஆஸ்துமா வந்துவந்து போகிற வியாதி. போட்டோ எடுக்கும்போது அது வெளியே போயிருந்தால் நார்மல் என்றுதான் வரும். மூச்சில் வருகிற ஒரு வாயுவை அளக்கும் சோதனை இன்னொன்று. உள்ளே ஒவ்வாமை வீக்கம் இருந்தால் அது காட்டும், ஆனால் வீக்கம் இருப்பவர் எல்லோருக்கும் ஆஸ்துமா என்று சொல்ல முடியாது, இல்லாதவருக்கு ஆஸ்துமா இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒன்று: எரிச்சல் தரும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வைத்து, குழாய் இறுகுகிறதா என்று வேண்டுமென்றே சீண்டிப் பார்ப்பது. அதில் இறுகாவிட்டால் அநேகமாக ஆஸ்துமா இல்லை என்று ஆறுதலாக இருக்கலாம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்று ஒரு குழாயைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர். உள்ளங்கை நீளம், ஓரத்தில் எண்கள், ஒரு சிவப்பு முள். ஊதினால் முள் நகரும். எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்பதை மட்டும் அளக்கும், வேறு ஒன்றும் தெரியாது அதற்கு. ஸ்பைரோமெட்ரிக்குப் பக்கத்தில் வைத்தால் விளையாட்டுச் சாமான். ஆனால் தினமும் ஊதலாம். போட்டோ இல்லை, வருகைப் பதிவேடு.

மூச்சு திணறினால் இழுக்க ஒரு நீல இன்ஹேலரும் கொடுத்தார். காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை எழுதிவரச் சொன்னார். நான் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். கிளார்க் புத்தி, ஒரு எண்ணை மட்டும் எழுதினால் மீதி இரண்டும் எங்கே என்று யாராவது கேட்பார்கள் என்று தோன்றும். ஒவ்வொரு தடவையும் ஊதுவதற்கு முன்னால் குழாயைக் கழுவுவேன், ஊதியபிறகும் கழுவுவேன்.

இரண்டு வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அலுவலக நாள் காலையில் முந்நூற்றெண்பது. மாலையில் இருநூற்றெழுபது. சனி ஞாயிறில் காலை மாலை இரண்டும் முந்நூற்றெண்பதுக்கு மேல். திங்கள் மாலை மறுபடி இறக்கம். விடுப்பில் வீட்டில் இருந்தபோது எடுத்த போட்டோ ஏன் அவ்வளவு அழகாக வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்களைப் போன்றவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டுதானே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

நோட்டை என் கணவரிடம் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் நாள்ல மட்டும் எப்படி கம்மியா வருது? மெதுவா ஊதினா முள்ளு மெதுவாதான போவும். உனக்கே தெரியாம நீ கம்மியா ஊதறியோ என்னவோ."

கோபமாகச் சொல்லவில்லை. ரசம் ஊற்று என்று சொல்வது போலச் சொன்னார். நான் ரசம் ஊற்றினேன். அன்றிலிருந்து நோட்டைச் சமையலறை அலமாரியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஊதினேன். இருபத்துமூன்று வருடம் கூட வாழ்ந்தவர் நான் மூச்சைத் திருடுகிறேன் என்று நினைக்கிறார். இதற்கு அழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

சித்திரையில் ஜமாபந்தி வந்தது. கிராமக் கணக்குகளை எல்லாம் வருடம் ஒரு முறை அதிகாரி முன்னால் வைத்துச் சரிபார்க்கிற வேலை. பதிவறைக் கட்டுகள் முழுதும் வெளியே வந்தாக வேண்டும். மூன்று நாள் இழுத்தோம். மூன்றாம் நாள் மதியம், மேல் தட்டில் இருந்து ஒரு கட்டை இறக்கும்போது மூச்சு உள்ளே போவது நின்றது. வெளியே விட முடியவில்லை என்பதுதான் சரி. விட முடியாததால் இழுக்க இடமில்லை. இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது, கைப்பை வேறு அறையில் இருந்தது. இன்ஹேலர் எடுப்பதைப் பார்த்தால் அதையும் நாடகம் என்பார்கள் என்று நான்தான் அங்கே வைத்திருந்தேன். கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோவில் போகும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்தக் கட்டை யாராவது சரியான தட்டில் வைத்திருப்பார்களா என்பதைத்தான்.

அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நெபுலைசர் வைத்தார்கள். மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியே உள்ளே அனுப்புகிற கருவி. கையில் ஊசி. ஒரு மணி நேரத்தில் பேச்சு வந்தது. அவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூட்டைகள் வேனிலேயே இருந்தன. தண்ணீர் கேட்டேன். டம்ளரை உயரத் தூக்கி வாயில் ஊற்றினார், வீட்டில் ஊற்றுகிற மாதிரி. அண்ணாந்தால் மூச்சு முட்டியது. தண்ணீர் கழுத்தில் வழிந்து புடவை நனைந்தது. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், "என்ன சார் நீங்க, மூச்சே வாங்க முடியாதவங்களை அண்ணாந்து குடிக்கச் சொல்றீங்க" என்று டம்ளரை வாங்கி என் உதட்டில் வைத்தார். வாய் வைத்துக் குடித்தேன். என் கணவர் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்கு நாள் வார்டில் இருந்தேன். தீபா கூட இருந்தாள். அவர் காலையில் இட்லியும் மாலையில் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாத்திரைச் சீட்டை ஒரு முறை படித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் டாக்டரம்மா மறுபடி ஸ்பைரோமெட்ரி எடுத்தார். மருந்துக்கு முன்னால் ஊதியதில் முதல் விநாடிக் காற்று இருக்க வேண்டியதில் பாதிக்கும் கொஞ்சம் மேல். மருந்து இழுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதியதில் எண் தாவி ஏறியது. வயிறு ஒட்ட, கண்ணில் தண்ணீர் வர ஊதினேன். இந்தத் தடவை கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்றே தெரியாது. இதுதான் ஆஸ்துமா, போட்டோவில் இன்றைக்குத்தான் மாட்டியது என்றார் அவர். வேலையிடத் தூசுதான் தூண்டுகிறது என்று சொல்ல ஊதிய நோட்டு வேண்டும், வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக நோட்டை எடுத்தேன். என் கடைசி எழுத்துக்குக் கீழே நான்கு வரி புதிதாக இருந்தது. சாய்ந்த பெரிய எண்கள். வேனில் மூட்டைக் கணக்கு எழுதுகிற கை. வரிக்கு மூன்று எண். முதல் வரியில் ஐந்நூற்று இருபது, ஐந்நூற்றுப் பத்து, ஐந்நூற்று இருபது. பலமாக ஊதியிருக்கிறார். அடுத்த மூன்று வரியும் தாறுமாறு: முந்நூறு, நூற்றெண்பது, இருநூற்றைம்பது, இருநூற்றுப் பத்து, முந்நூற்று நாற்பது, நூற்றைம்பது, இப்படி. கடைசி வரிக்குக் கீழே எழுதியிருந்தார்:

"கம்மியா ஊதி பாத்தேன். மூணு தபா ஒரே மாதிரி வரல. உனக்கு எல்லா நாளும் மூணும் ஒரே மாதிரி இருக்கு."

என் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். இருநூற்றெழுபது, இருநூற்றெழுபது, இருநூற்றறுபது. இருநூற்றெண்பது, இருநூற்றெழுபது, இருநூற்றெண்பது. பெரியதை மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்காது. பொய்யாக ஊதுகிறவன் மூன்று முறையும் ஒரே அளவு பொய் சொல்ல முடியாது என்பதை, நான் வார்டில் படுத்திருந்தபோது, ஆளில்லாத வீட்டில் என் குழாயில் வாய் வைத்து ஊதிக் கண்டுபிடித்திருக்கிறார். கிளீனருக்குப் பயந்து தண்ணீர் கேனை மறைத்து வைக்கிற மனிதர்.

நோட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தால் இப்போது வேறு பிரிவில், ஜன்னல் ஓரத்தில் இருக்கிறேன். காலையும் மாலையும் இன்ஹேலர். அந்த நான்கு வரியைப் பற்றி என் கணவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் நோட்டைப் பார்த்த அந்தக் காலையில் ஒன்று நடந்தது. அவர் கீழே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். படியின் பாதியில் ஸ்டூல் மறுபடி இருந்தது. ஆறு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. சமையலறையில் நின்று, சத்தம் கீழே கேட்டால் கேட்கட்டும் என்று அழுதேன். பிறகு காலைக் கணக்கு எழுத வேண்டுமே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மீட்டரை எடுத்தேன். கழுவுவதற்குக் குழாயடிக்குப் போனவள் திரும்பிவிட்டேன். கழுவாமலேயே, உதட்டை நன்றாக இறுக்கி, மூன்று முறை ஊதினேன்.